ஸ்டார்ட்டர் மோட்டார்: வாவிக்கரை வாகனங்களில் பழுதறிதலும் திருத்தமும்

ஸ்டார்ட்டர் மோட்டார் என்பது வாகன எஞ்சினை முதல் சில சுற்றுகள் சுற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மின்மோட்டார். தமிழ்நாட்டில் இதைச் ‘செல்ஃப்’ என்பார்கள், இலங்கையில் ‘ஸ்டார்ட்டர்’. பெற்றோலோ டீசலோ எரியவேண்டுமானால் எஞ்சின் முதலில் காற்றை இழுத்து அழுத்த வேண்டும். அதற்கு அது சுற்ற வேண்டும். நின்றுபோன எஞ்சினுக்கு அந்த முதல் சுற்றை வெளியிலிருந்துதான் கொடுக்கமுடியும். சாவியைத் திருப்பியதிலிருந்து எஞ்சின் உறுமும் வரையான ஓரிரு விநாடி மட்டுமே இந்த மோட்டாரின் வேலை நேரம். ஆனால் வாகனத்தில் வேறெந்த மின்கருவியும் இழுக்காத அளவு மின்னோட்டத்தை அது அந்த ஓரிரு விநாடியில் இழுத்துவிடும்.

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே கிடக்கிறது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு திறப்பதால் அதன் நீர் உவர்நீர். வாவிக்குக் கிழக்கே உள்ள நிலம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி போன்ற எழுவான்கரை ஊர்கள் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் துண்டில் இருக்கின்றன. அங்கே முற்றத்தில் நிற்கும் கார் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் உப்பைத்தான் வாங்கும். ‘ஸ்டார்ட்டர் போயிட்டு’ என்று கராஜுக்கு வரும் வாகனங்களில், மோட்டாரில் ஸ்பேனர் வைக்காமலே சரியாகிவிடுபவை இங்கே ஏராளம். ஏதோ ஒரு நட்டின் அடியில் படிந்த பச்சைக் களிம்புதான் வாகனத்தை நிறுத்தியிருக்கும். ஆகவே இந்தக் கட்டுரையும் மோட்டாரைவிட அதற்கு மின்சாரம் போகும் வழியைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

ஹாண்டிலிலிருந்து சாவிக்கு

மின்சார ஸ்டார்ட்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் டேய்ட்டன் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் கெற்றரிங். 1911இல் அவர் செய்து காட்டியது 1912ஆம் ஆண்டுக்கான கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. காப்புரிமை 1915இல் கிடைத்தது. முன்னர் அவர் கடைகளில் காசு பதியும் இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். கணநேரம் மட்டும் ஓடும் மோட்டார், அளவில் சிறியதானாலும் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தாங்கும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். தொடர்ந்து ஓடினால் கருகிவிடும். ஓரிரு விநாடியில் விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. இன்றைக்கும் ஸ்டார்ட்டரின் பலமும் பலவீனமும் இதுவேதான்.

அதற்கு முந்திய காலத்தில் முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற வேண்டும். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு முறியும். இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரில் இரண்டுக்கும் வசதி இருந்தது: உள்ளே ஸ்டார்ட்டர், முன்புறம் ஹாண்டில் நுழைக்கத் துளை. ஈரமான மார்கழிக் காலையில் பற்றரி சோர்ந்தால் ஹாண்டிலை எடுப்பார்கள். அந்தக் கார்களின் லூக்காஸ் ஸ்டார்ட்டரில், மோட்டார் சுற்றத் தொடங்கியதும் சிறிய பல்சில்லு ஒரு திருகுத்தண்டில் வழுக்கி ஓடிப்போய்ப் பிளைவீலின் பற்களைப் பிடிக்கும். வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயரால் வழங்கிய முறை அது. சில வேளை பல் சிக்கி அப்படியே நின்றுவிடும். அப்போது மோட்டாரின் பின் மூடியைக் கழற்றி, தண்டின் சதுர நுனியில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். அல்லது ரொப் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டுவார்கள். அந்தத் திருகுத்தண்டுக்கு எண்ணெய் போடக்கூடாது, தூசி ஒட்டிக்கொள்ளும் என்பதால் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்துப் பூட்டுவதுதான் முறை. இன்றைய ஜப்பானியக் கார்களில் அந்த அமைப்பு இல்லை. ஆனாலும் கராஜ்களில் பல்சில்லுத் தொகுதிக்குப் பெயர் இன்னமும் ‘பெண்டிக்ஸ்’தான்.

வயல்களில் ஹாண்டில் யுகம் முற்றாக முடியவில்லை. எந்தக் கம்பனி செய்திருந்தாலும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றே அழைக்கப்படும் இருசில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றைப் படுவான்கரையில் இப்போதும் கையால் சுற்றித்தான் கிளப்புகிறார்கள். அவற்றில் ஸ்டார்ட்டர் பழுதாக வாய்ப்பே இல்லை.

உள்ளே நடப்பது

சாவியைத் திருப்பும்போது இரண்டு மின்சுற்றுகள் வேலை செய்கின்றன. ஒன்று மெல்லியது: சாவிச் சுவிட்சிலிருந்து ரிலே வழியாக, மோட்டாரின் முதுகில் இருக்கும் சொலினொயிட்டுக்குப் போகிறது. மற்றது தடித்தது: பற்றரியின் பொசிட்டிவ் முனையிலிருந்து நேராகச் சொலினொயிட்டின் பெரிய போல்ட்டுக்கு வருகிறது. சொலினொயிட்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இழுக்கும், மற்றது பிடித்துவைக்கும். இரண்டும் சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, தண்டின் ஒரு முனை கவைக்கம்பியால் பல்சில்லைத் தள்ளிப் பிளைவீலில் கோக்கும். மறுமுனையிலுள்ள செப்புத் தட்டு இரண்டு செப்புத் தொடுமுனைகளை இணைக்கும். அந்த இணைப்பு ஏற்பட்டவுடன் மோட்டாருக்குத் தடித்த மின்னோட்டம் பாயும். இழுக்கும் சுருளின் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அது ஓய்ந்துபோகும். பிடிக்கும் சுருள் மட்டும் தண்டைத் தாங்கி நிற்கும்.

மோட்டாரின் பல்சில்லில் பத்துப் பல் அளவில் இருக்கும். பிளைவீலின் வளையத்தில் நூற்றுக்கு மேல். மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் எஞ்சின் ஒரு சுற்று சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்ட பின் கதை தலைகீழ்: பிளைவீல் மோட்டாரை அடித்துச் சுற்றப் பார்க்கும். அதைத் தடுப்பது பெண்டிக்ஸின் உள்ளே இருக்கும் ஒருவழிக் கிளச். சைக்கிளின் பின்சில்லில் பெடலை மிதிக்காதபோது சில்லு மட்டும் ஓடுகிறதே, அதே ஏற்பாடு.

சிறிய பெற்றோல் கார் ஒன்று ஸ்டார்ட் எடுக்கும்போது 100 முதல் 200 அம்பியர் வரை இழுக்கும். டீசல் வான் 300ஐயும் தாண்டும். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் குறைவாக இழுக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. மோட்டார் சுற்றும்போது தனக்குள்ளேயே ஓர் எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. வேகம் குறைந்தால் அந்தக் கட்டுப்பாடும் குறைந்துபோகும். சோர்ந்த பற்றரியை வைத்துக்கொண்டு விடாமல் சாவியைப் பிடித்திருப்பவர் மோட்டாரை வேகவைத்துக்கொண்டிருக்கிறார். பத்து விநாடிக்கு மேல் அடிக்கக்கூடாது. அடித்தால் அடுத்த முயற்சிக்கு முன் குறைந்தது அரை நிமிடமாவது விட வேண்டும்.

காதால் பார்ப்பது

“காக்கா, ஸ்டார்ட்டர் போயிட்டு. கழட்டிப் பாருங்க.”

“பொறு தம்பி. முதல்ல லைற்றப் போட்டுட்டு அடி, பாப்பம்.”

இந்தப் பதிலில் பாதி வைத்தியம் அடங்கியிருக்கிறது. முன்விளக்கைப் போட்டபடி சாவியைத் திருப்ப, விளக்கு அணைவதுபோல மங்கினால் மின்சாரம் மோட்டாரை நோக்கிப் பாய முயல்கிறது, ஆனால் கையிருப்பில் போதிய அளவு இல்லை என்று பொருள். பற்றரி இறங்கியிருக்கலாம், பற்றரி முனையில் பிடிமானம் கெட்டிருக்கலாம், மோட்டாரே இறுகிப்போயிருக்கலாம். விளக்கு சற்றும் மங்காமல் சத்தமும் வராவிட்டால் மெல்லிய சுற்றில் எங்கோ அறுந்திருக்கிறது. சாவிச் சுவிட்ச், ரிலே, பியூஸ், சொலினொயிட்டின் சின்ன வயர் என்று தேட வேண்டும். ஓட்டோ கியர் காரானால் அதற்கும் முன் ஒரு வேலை இருக்கிறது: கியர் லீவரை ‘பீ’யிலிருந்து ‘என்’னுக்கு மாற்றி அடித்துப் பார்ப்பது. அங்கே இருக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் தேய்ந்துபோனால் லீவர் ‘பீ’யில் இருப்பதைக் கார் நம்பாது. இந்த ஒரு விநாடிச் சோதனையைச் செய்யாமல் கராஜுக்கு இழுத்துவந்த கார்கள் உண்டு.

விளக்கு மங்கவில்லை, ஆனால் உறுதியான ஒற்றை ‘டக்’ கேட்கிறது, அதற்குப் பின் அமைதி. சொலினொயிட் தன் வேலையைச் செய்துவிட்டது, தடித்த மின்னோட்டம்தான் உள்ளே போகவில்லை. தொடுமுனைகள் கருகியிருக்கலாம் அல்லது காபன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். பழைய டொயோட்டாக்களில் வரும் டென்சோ வகை ஸ்டார்ட்டர்களுக்கு இது பேர்போன நோய். பத்துத் தடவை அடித்தால் பதினோராவது தடவை பிடிக்கும். அப்படிப் பிடித்ததைச் சுகம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

‘டக டக டக’ என்று துவக்குச் சத்தம்போல் தொடர்ந்தால் பெரும்பாலும் பற்றரி. சொலினொயிட் இழுக்கிறது, மோட்டார் மின்னோட்டம் கேட்டவுடன் மின்னழுத்தம் விழுகிறது, பிடிக்கும் சுருள் தண்டை விட்டுவிடுகிறது, சுமை நீங்கியதும் மின்னழுத்தம் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. விநாடிக்குப் பல தடவை நடக்கும் இந்தச் சண்டைதான் அந்தச் சத்தம். ‘வீங்ங்’ என்று மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றினால் ஒருவழிக் கிளச் வழுக்குகிறது. ‘கரக்’ என்று பல் அரைபட்டால் பெண்டிக்ஸின் பல்லோ பிளைவீல் வளையத்தின் பல்லோ தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் மோட்டாரைத் தாங்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது.

பிளைவீல் வளையத்தின் தேய்வில் ஒரு வினோதம் உண்டு. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது அழுத்தத்தை எதிர்த்து ஏறமுடியாமல் ஏறக்குறைய எதிரெதிரான இரண்டு நிலைகளில்தான் வந்து நிற்கும். ஆகவே ஸ்டார்ட்டரின் பல் எப்போதும் அந்த இரண்டு இடங்களிலேயே மோதும். நூற்றுச்சொச்சம் பல்லில் மற்றவை புதிதுபோலிருக்க, அந்த இடங்களில் மட்டும் மொண்ணையாகியிருக்கும். கியரில் போட்டுக் காரை ஒரு சாண் தள்ளிவிட்டு அடித்தால் பிடிக்கிறது என்றால் கோளாறு இங்கேதான்.

வோல்ட் எங்கே தொலைகிறது

வாவிக்கரைப் பழுதுகளின் இதயம் இந்தப் பகுதி. பற்றரி முனையில் களிம்பு படிந்து 0.01 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரேடியோவும் சின்ன விளக்குகளும் 5 அம்பியர் இழுக்கும்போது அங்கே தொலைவது 0.05 வோல்ட், யாருக்கும் தெரியாது. ஸ்டார்ட்டர் 150 அம்பியர் கேட்கும்போது அதே இடத்தில் 1.5 வோல்ட் தொலைகிறது. இப்படி இரண்டு இடம் இருந்தால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது எஞ்சினைச் சுற்றப் போதாது. ‘லைற் எரியுது, ஹோன் அடிக்குது, பற்றரியில ஒரு பிழையும் இல்ல’ என்று சாரதி சொல்வதும் உண்மை, கார் கிளம்பாததும் உண்மை. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனெனில் அந்த விளக்கு இழுப்பது ஓர் அம்பியருக்கும் குறைவு. சாவியைத் திருப்பிச் சுமை ஏற்றிக்கொண்டுதான் அளக்க வேண்டும்.

அளக்கத் தேவையானது சாதாரண மல்டிமீற்றர் ஒன்றும், சாவியைத் திருப்ப ஒரு கூட்டாளியும். எஞ்சின் பிடித்துவிடாமலிருக்க, பெற்றோல் பம்ப் பியூஸையோ டீசல் பம்பின் நிறுத்து வயரையோ கழற்றிவிட வேண்டும். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்தபடி. முதலில் பற்றரி: ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் அதைச் சார்ஜ் செய்யாமல் மற்றவற்றைச் சோதிப்பதில் பொருளில்லை. நிறைந்த பற்றரி ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரியே சந்தேகத்துக்குரியது.

பற்றரி நன்று என்றானதும் சிவப்பு முனையைப் பற்றரியின் பொசிட்டிவ் ஈயக்குமிழில் வைக்க வேண்டும். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வைத்தால் குமிழுக்கும் கிளாம்புக்கும் இடையிலுள்ள களிம்பு கணக்கில் வராமல் போய்விடும். கறுப்பு முனை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில். இப்போது அடித்தால் மீற்றர் காட்டுவது வழியில் தொலையும் வோல்ட். அரை வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த வழியில் குற்றம். பிறகு எர்த் பக்கம்: கறுப்பு முனை பற்றரியின் நெகட்டிவ் குமிழில், சிவப்பு முனை ஸ்டார்ட்டரின் உடம்பில். இங்கே 0.3க்கு மேல் வந்தால் தேடத்தான் வேண்டும். குற்றமுள்ள பக்கம் தெரிந்தபின் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்திக்கொண்டு போனால், மீற்றர் திடீரெனத் தாவும் இடத்தில் கள்ளன் ஒளிந்திருப்பான். மீற்றர் இல்லாதவருக்கும் வழி உண்டு. இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டு, சாவியை நிறுத்தி, இணைப்புகளைக் கையால் தொட்டுப் பார்த்தால் கெட்ட இணைப்பு சுடும்.

எர்த் பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கிறது, உடம்போடு அதற்கு உலோகத் தொடர்பு இல்லை. பின்னல் செப்புப் பட்டை ஒன்றோ தடித்த வயரோதான் அதைப் பற்றரியோடு இணைக்கிறது. கீழே இருப்பதால் தெருத்தண்ணீர் முழுதும் அதன்மேல்தான். மீன் ஏற்றும் ‘பட்டா’ என்னும் சிறு லொறிகளில் ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் வேறு. செப்பு, இரும்பு, ஈயம் என்று வேறுவேறு உலோகங்கள் உப்பீரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அதுவே ஒரு சின்னப் பற்றரியாகி உலோகத்தைத் தின்னத் தொடங்கும். பட்டை முற்றாக அறுந்தால் மின்சாரம் வேறு பாதை தேடும். ஆக்சிலேட்டர் கேபிள், கியர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது கேபிளிலிருந்து புகை வந்தால் எஞ்சின் எர்த்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மோட்டாரை இரண்டு தடவை மாற்றிப் பணத்தைக் கொட்டிய பிறகு, உள்ளங்கை நீளப் பட்டை ஒன்றை மாற்றியதும் கார் கிளம்பிய கதையைக் கேட்டறியாத மெக்கானிக் இங்கே இருக்கமாட்டார்.

திருத்தம் மிக எளிது. நெகட்டிவ்வை முதலில் கழற்ற வேண்டும், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்ட வேண்டும். பற்றரி முனையில் பூத்திருக்கும் வெள்ளை மாவின் மேல் சுடுதண்ணீரில் கரைத்த அப்பச்சோடாவை ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். பற்றரியின் துளைகளுக்குள் அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்தபின் அரத்தாளால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே வாசலினோ கிரீஸோ பூசவேண்டும். பூசுவது பூட்டிய பின். வயர் உறைக்கு உள்ளே களிம்பு ஏறியிருந்தால் வெளியே எதுவும் தெரியாது. உறையைச் சிறிது கீறிப் பார்த்து உள்ளே செப்பு பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் முழு நீளத்தையும் மாற்றுவதே மேல். முறுக்கித் தேப் சுற்றிய இணைப்பு முதல் மழைக்கே கைவிடும்.

பற்றரிக்கு ஊற்றும் தண்ணீரும் இங்கே கவனிக்கவேண்டியது. வாவியோரக் கிணற்றுநீரில் உப்பு இருக்கும். அதை ஊற்றினால் தகடு அரிக்கும். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான்.

கழற்றிய பின்

இவ்வளவும் நல்லதென்று தெரிந்தபிறகே மோட்டாரைக் கழற்ற வேண்டும். பல முன்சில்லு இழுவைக் கார்களில் அது எஞ்சினுக்குப் பின்னால், கை நுழையாத இடத்தில் இருக்கும். இரண்டு போல்ட்டுக்கு இரண்டு மணித்தியாலம் போகும்.

மேசையில் வைத்ததும் முதலில் சொலினொயிட்டின் மூடி. டென்சோ வகையில் மூன்று சின்ன போல்ட் கழற்றினால் உள்ளே ஒரு கிண்ணம், அதன் அடியில் எல் எழுத்துப்போல வளைந்த இரண்டு செப்புத் துண்டுகள். புதிதில் தட்டையாக இருந்தவை இப்போது ஒரு பக்கம் பள்ளமாகக் குழிந்து, விளிம்பில் உருகிய செப்பு மணிமணியாக ஒட்டியிருக்கும். இரண்டும் சமமாகத் தேய்வதில்லை. ஒன்று பாதியாகிவிட்டிருக்க மற்றது பரவாயில்லாமல் இருக்கும். தண்டின் செப்புத் தட்டு தேயாத துண்டில் முட்டிக்கொண்டு, தேய்ந்த துண்டை எட்டாமல் நிற்கும். அந்த ஒற்றை ‘டக்’கின் விளக்கம் இதுதான். இரண்டையும் தட்டோடு சேர்த்து மாற்றினால் மோட்டார் மறுபடி பல வருடம் ஓடும். அரத்தால் ராவி உள்ளதையே போடுபவர்களும் உண்டு. ராவினால் தடிப்பு இன்னும் குறையும், இடைவெளி இன்னும் கூடும். அது நாலு நாள் வைத்தியம்.

அடுத்தது காபன் பிரஷ். பல கார் மோட்டார்களில் புதிதாக 15 மில்லிமீற்றர் அளவில் இருப்பது 10க்குக் கீழே வந்துவிட்டால் வில்லின் அழுத்தம் போதாது. நின்றுபோன மோட்டாரைச் சுத்தியலால் தட்டினால் சில வேளை உயிர்வருவதும் இதனால்தான்: அதிர்வில் பிரஷ் ஒரு மயிரிழை இறங்கித் தொடும். ஆனால் இன்றைய சிறு மோட்டார்கள் பலவற்றில் சுருளுக்குப் பதில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை பீங்கான்போல உடைபவை, ஓங்கி அடித்தால் கதை முடிந்தது. தட்டுவதென்றால் மரக்கட்டையால், மெல்ல, வீடு போய்ச் சேர மட்டும்.

ஆர்மேச்சரின் செப்புப் பட்டிகளைக் கொண்ட கொமியூட்டேட்டரை நுண்ணிய அரத்தாளால் சுற்றித் துடைக்க வேண்டும். பட்டிகளுக்கு இடையிலுள்ள மைக்கா, செப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். 0.2 மில்லிமீற்றரிலும் குறைந்தால் பிரஷ் மைக்காமேல் ஏறித் துள்ளும். பழைய ஹக்சோ பிளேட்டின் பக்கங்களைத் தீட்டி மெல்லியதாக்கி அந்தக் கால்வாயைக் கீறி எடுப்பது கை பழகினவர் வேலை. சுருளுக்குள் சோர்ட் இருக்கிறதா என்று பார்க்க ‘குரௌலர்’ என்னும் கருவி உண்டு. அதன் மடியில் ஆர்மேச்சரை வைத்து மின்சாரம் கொடுத்து, மேலே ஹக்சோ பிளேட்டைப் பிடித்தபடி மெல்லச் சுழற்றுவார்கள். சோர்ட் உள்ள இடம் வந்ததும் பிளேட் ‘கிர்ர்’ என்று துடிக்கும். அந்த ஆர்மேச்சரைத் தூக்கி வைத்துவிட்டு வேறொன்று தேட வேண்டியதுதான்.

தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தால் ஆர்மேச்சர் சாய்ந்து காந்தத்தில் உரசும். உரசிய தடம் பளபளவென்று தெரியும். பெண்டிக்ஸை ஒரு பக்கம் சுற்றினால் வழுக்க வேண்டும், மறுபக்கம் பிடிக்க வேண்டும். அதை மட்டும் மண்ணெண்ணெயில் ஊறப்போடக்கூடாது. உள்ளே அடைத்த கிரீஸ் கழுவிப்போய்விடும். எல்லாம் பூட்டியபின் வைஸில் இறுகப் பிடித்து, பற்றரி கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பிடிக்காமல் கொடுத்தால் மோட்டார் மேசையிலிருந்து பாய்ந்துவிடும்.

புதிது வாங்குவதா, திருத்துவதா என்ற கேள்விக்கு 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோதே பதில் கிடைத்துவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் கார்கள் மீண்டும் வரும்வரை, உள்ள வாகனத்தையே வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த வருடங்களில் பிரஷ்ஷும் செப்புத் துண்டும் மாற்றத் தெரிந்தவருக்கு மதிப்பு ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்கள் அடிக்கொருதரம் எஞ்சினை அணைத்து, பத்தடி நகர மறுபடி ஸ்டார்ட் அடித்ததில் பற்றரிகள் சார்ஜ் ஏற வழியில்லாமல் சோர்ந்தன. கொழும்பின் பஞ்சிகாவத்தையிலிருந்து வரும் ரீகண்டிஷன் மோட்டாரை வாங்குபவர் பல்சில்லின் பல் எண்ணிக்கை, சுற்றும் திசை, கிலோவாற் அளவு மூன்றும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, கடையிலேயே பற்றரி கொடுத்து ஓட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். மேலே பூசிய வெள்ளிப் பெயின்ற் எதற்கும் சான்றில்லை.

வெள்ளமும் பாதையும்

கிழக்கில் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு, நவம்பர் முதல் ஜனவரி வரை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பர் இறுதியிலும் வந்த வெள்ளங்களில் வாவிக்கரை ஊர்களின் தெருக்கள் ஆறாயின. ஸ்டார்ட்டர் எஞ்சினின் அடிப்பகுதியில் இருப்பதால் முதலில் முழுகுபவற்றில் அதுவும் ஒன்று. சூடான மோட்டார் சட்டென்று தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூடியின் இடுக்குகளால் நீரை உறிஞ்சும். அன்றைக்கு ஓடும். பத்து நாள் நின்றபின் தண்டு புஷ்ஷில் துருவேறி இறுகியிருக்கும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் சாவியைத் தொடவே கூடாது. காற்றைப்போலத் தண்ணீர் அழுங்காது. ஸ்டார்ட்டரின் பலமே பிஸ்டன் தண்டை வளைத்துவிடப் போதும். டீசலானால் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக், பெற்றோலானால் ஸ்பார்க் பிளக் கழற்றி, கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பின்தான் மின்சாரம்.

வாவியைக் கடக்க 1924இல் கல்லடியில் லேடி மனிங் பாலம் வந்தது. அதற்குப் பக்கத்தில் புதிய பாலம் 2013இல். மண்முனையில் 2014 வரை ‘பாதை’தான். ஓடத்துக்கு இங்கே பெயர் பாதை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் போகும் வழக்கம் பாலங்களுக்குப் பின்னும் தொடர்ந்தது. பாதையில் ஏறியதும் எஞ்சினை அணைத்துவிடுவார்கள். அக்கரை சேர்ந்து ‘டக்’ என்று மட்டும் சத்தம் வந்தால், பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்களும் சனமும் இறங்க வழியில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மேட்டில் தள்ளி ஏற்ற வேண்டும். மண்டூர் முருகனுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர் சளைக்காமல் தள்ளுவார் என்பது வேறு விடயம்.

தள்ளி ஸ்டார்ட் எடுப்பது கைக்கியர் வாகனத்துக்கு மட்டும் பொருந்தும்: சாவி ஓனில், இரண்டாம் கியர், கிளச் மிதித்தபடி வேகம் வந்ததும் விடவேண்டும். ஓட்டோ கியரை எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது. அதற்கு ஜம்ப் வயர்தான். முதலில் இறந்த பற்றரியின் பொசிட்டிவ், பிறகு நல்ல பற்றரியின் பொசிட்டிவ், பிறகு நல்லதன் நெகட்டிவ். கடைசி முனையை இறந்த பற்றரியில் கொடுக்காமல், அந்த எஞ்சினின் பெயின்ற் இல்லாத இரும்பில் கொடுக்க வேண்டும். பற்றரியிலிருந்து வரும் ஐதரசன் வாயு, கடைசி இணைப்பின் பொறிக்கு எட்டாமலிருக்க இந்த ஏற்பாடு. ஸ்குரூ டிரைவரால் சொலினொயிட்டின் இரண்டு முனைகளையும் இணைத்துக் கிளப்பும் பழக்கம் இங்கே பரவலாக உண்டு. கியரில் கிடந்த டிரெக்டரைத் தரையில் நின்று இப்படிக் கிளப்பினால் பெரிய சில்லு ஆளின் மேலேயே ஏறும்.

ஸ்டார்ட்டர் இல்லாத கார்கள்

வீதிகளில் இப்போது காணும் டொயோட்டா பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்களில் இக்கட்டுரை சொன்ன மோட்டார் கிடையாது. ஓட்டுவதற்கான மின்தொகுதியின் மோட்டார்களில் ஒன்றே எஞ்சினையும் சுற்றிவிடுகிறது. சுசுகி வகன் ஆரின் ஹைபிரிட்டில் பெல்ற்றால் சுற்றும் மோட்டார் ஒன்று, சிக்னலில் அணைந்த எஞ்சினைச் சத்தமில்லாமல் எழுப்பும். காலையில் முதல் தடவை கிளப்ப மட்டும் பழைய ஸ்டார்ட்டர்தான்.

பிரியஸில் 200 வோல்ட் அளவிலான பெரிய பற்றரி உண்டு. ஆனால் அதை மோட்டாரோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவது, பல மாதிரிகளில் பின்பக்கம் மூலையில் கிடக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரி. அதன் முனையில் வெள்ளை பூத்தால் பெரிய பற்றரி நிறைந்திருந்தும் பயனில்லை. டாஷ்போர்ட்டில் ‘ரெடி’ விளக்கு வராது. காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் ஹைபிரிட் பார்க்கும் கராஜ்காரர் கணினியைப் பொருத்தும் முன் பின்கதவைத் திறந்து, அந்த முனையைத்தான் முதலில் ஆட்டிப் பார்ப்பார்.